துணைக்கு வந்த இசைக்குழு

1851 டிசம்பரில் வியன்னாவில் ஷூபர்ட்டின் ‘வாண்டரர் ஃபேன்டசி’ புதிய கோலத்தில் மேடையேறியது. பியானோவில் உட்கார்ந்தவர் யூலியஸ் எக்ஹார்ட் என்ற 17 வயது இளைஞர். அவரோடு சேர்ந்து வாசித்தது யோசப் ஹெல்மெஸ்பெர்கர் தலைமையில் ஒரு முழு இசைக்குழு. ஷூபர்ட் இறந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் படைப்பில் அவர் இசைக்குழுவுக்கென்று ஒரு சுரம்கூட எழுதியதில்லை. பியானோவும் இசைக்குழுவும் எதிரெதிர் நின்று வாசிக்கும் பியானோ கன்செர்ட்டோ என்ற வடிவத்தையே அவர் தம் வாழ்நாளில் தொட்டதில்லை. தனிப் பியானோவுக்காக 1822-இல் அவர் எழுதியதை எடுத்து, பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாகப் பிரித்துக் கொடுத்தவர் ஃபிரான்ஸ் லிஸ்ட். கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு தனிப் பியானோ படைப்பை இப்படி இசைக்குழுவோடு சேர்த்து மேடையேற்றும் வழக்கம் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வலுப்பெற்றது. இன்றும் அது முற்றாக நின்றுவிடவில்லை. இதைச் செய்பவர்கள் சொல்லும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: படைப்பு நல்லது, ஆனால் யாரும் வாசிப்பதில்லை, இசைக்குழு சேர்ந்தால் அதற்கு வாழ்வு வரும். இந்த வழக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால் அந்த நம்பிக்கை பாதிதான் மெய் என்று தெரிகிறது. இசைக்குழு ஒரு படைப்பை அறிமுகம் செய்து வைத்ததுண்டு. அதை வாழவைத்தவர்களோ, தனியாக உட்கார்ந்து வாசிக்கத் துணிந்த பியானோ கலைஞர்கள்.

முதலில், ‘வாண்டரர் ஃபேன்டசி’ ஏன் கவனிப்பாரற்றுப் போனது என்று பார்க்க வேண்டும். குறை படைப்பில் இல்லை. அது எழுதப்பட்ட மறு ஆண்டே, 1823-இல், வியன்னாவில் அச்சாகிவிட்டது. ஹும்மலிடம் பியானோ கற்ற லீபன்பெர்க் என்ற செல்வந்தருக்கு ஷூபர்ட் அதைக் காணிக்கையாக்கியிருந்தார். கடைசிப் பகுதியை வாசிக்க முயன்று முடியாமல், பிசாசுதான் இதை வாசிக்க வேண்டும் என்று ஷூபர்ட்டே சலித்துக்கொண்டு எழுந்ததாக அவருடைய நண்பர் வழியாக ஒரு செய்தி உண்டு. படைப்பு அவ்வளவு கடினம். ஆனால் கடினம் மட்டுமே காரணம் ஆகாது. கடினமானதை வாசித்துக் காட்டிப் பேர் வாங்குவதே அந்தக் காலத்துப் பியானோ கலைஞர்களின் பிழைப்பு. உண்மையான தடை, கச்சேரி என்பதன் அன்றைய அமைப்பில் இருந்தது. 1820-களில் ஒரு பியானோ கலைஞர் பொதுமேடையில் ஏறினால் கூடவே ஓர் இசைக்குழு, ஒன்றிரண்டு பாடகர்கள், ஒரு வயலின் கலைஞர் எல்லாரும் ஏறுவார்கள். அவர் வாசிப்பது பெரும்பாலும் தமது சொந்தக் கன்செர்ட்டோவாகவோ, பிரபலமான ஒரு பாட்டை வைத்துப் பின்னிய அலங்காரங்களாகவோ இருக்கும். பியானோவுக்கான சோனாட்டாவும் ஃபேன்டசியும் வீட்டுக் கூடங்களுக்கு உரியவை. இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் தனிப் பியானோ படைப்புக்குப் பொதுமேடையில் இடமே கிடையாது. ‘வாண்டரர் ஃபேன்டசி’யின் முதல் பொது நிகழ்ச்சி என்று குறிப்பிடப்படுவது 1832-இல் போக்லெட் என்ற பியானோ கலைஞர் வாசித்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஷூபர்ட் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருவரே உட்கார்ந்து மாலை முழுவதும் வாசிக்கும் கச்சேரியை லிஸ்ட் 1839-இல் ரோமில் தொடங்கி, அடுத்த ஆண்டு லண்டனில் ‘ரெசைட்டல்’ என்று விளம்பரப்படுத்தினார். அது வேரூன்றப் பிறகும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆகவே 1851-இல் லிஸ்ட் இசைக்குழுவைச் சேர்த்தது, படைப்பில் ஏதோ குறைந்திருந்ததால் அல்ல. கச்சேரி மேடையின் வாசல் அந்த அகலத்தில் இருந்தது; படைப்பை அதற்கேற்ப அவர் உடுத்தி அனுப்பினார்.

தனிப் பியானோவுக்கும் கன்செர்ட்டோவுக்கும் நடுவே இன்று நாம் காணும் திடமான சுவர் அன்று இருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு கன்செர்ட்டோ அச்சாகி விற்பனைக்கு வந்தால், அதை வாங்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் இசைக்குழு வைத்திருப்பவர்கள் அல்லர். அதனால் பதிப்பாளர்கள் இசைக்குழு முழங்கும் இடங்களையும் சுருக்கிப் பியானோ பிரதிக்குள்ளேயே அச்சிட்டார்கள். ‘டுட்டி’ என்று போட்ட இடத்தில் இசைக்குழுவின் பங்கையும், ‘சோலோ’ என்று போட்ட இடத்தில் தம் பங்கையும் ஒரே ஆள் வாசித்துவிடலாம். ஷோப்பானின் கன்செர்ட்டோக்களும் இப்படித்தான் வீடுகளுக்குள் நுழைந்தன. ஷூமானின் எஃப் மைனர் சோனாட்டாவை 1836-இல் வெளியிட்ட ஹாஸ்லிங்கர், அதற்கு ‘இசைக்குழு இல்லாத கன்செர்ட்டோ’ என்றே தலைப்பிட்டார்; அந்தப் பெயர் வாங்குபவருக்குப் புரியும், விலைபோகும் என்று ஒரு வியாபாரி நினைத்திருக்கிறார். ஆக, பியானோவை இசைக்குழுவாகக் கேட்கும் பழக்கம் அந்தத் தலைமுறையின் காதில் ஊறியிருந்தது. ஒரே கருவியில் பத்து வாத்தியங்களைக் கற்பனை செய்துகொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள். பின்னால் வந்தவர்கள் இந்தக் கற்பனையைக் குறை என்று எடுத்துக்கொண்டு அதை நிரப்பப் புறப்பட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது.

லிஸ்ட் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. ஏன் என்று தெரிய, இப்படிப்பட்ட வேலையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பியானோவின் கம்பியைச் சுத்தியல் அடித்த கணத்திலேயே ஒலி தேயத் தொடங்குகிறது. ஒரு சுரத்தைப் பிடித்துவைத்து அதையே மெல்ல மெல்லப் பெருக்குவது வயலினுக்கும் ஹார்னுக்கும் எளிது. பியானோவுக்கு இயலவே இயலாது. அதனால் பியானோவுக்கு எழுதுபவர்கள் அந்த நீட்சியை ஏமாற்றிக் காட்டச் சில உத்திகளைக் கையாள்கிறார்கள். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது, இரண்டு சுரங்களுக்கிடையே விரல்களை அதிரவிடுவது, ஒரு கட்டுச் சுரத்தைக் கீழிருந்து மேல்வரை உடைத்து ஓடவிடுவது, இரு கைகளையும் ஸ்தாயி இடைவெளியில் இரட்டிப்பது என்று அவை பல. ‘வாண்டரர் ஃபேன்டசி’யின் பக்கங்கள் இவற்றால் நிறைந்தவை. அன்றைய வியன்னா பியானோ மரச்சட்டத்தில் செய்யப்பட்ட மெல்லிய கருவி. சி மேஜரில் இரு கைகளும் சேர்ந்து மோதும் அதன் தொடக்கத்தைத் தாங்குவதற்கே அது திணறியிருக்கும். இரண்டாம் பகுதியில், ஷூபர்ட் 1816-இல் எழுதிய தம்முடைய ‘வாண்டரர்’ பாடலிலிருந்தே எடுத்த மெட்டு சி ஷார்ப் மைனரில் வருகிறது; அதைச் சூழ்ந்து கீழ் ஸ்தாயியில் அதிர்வுகள் எழும்போது, தந்தி வாத்தியங்கள் மனத்தில் தாமாகவே ஒலிக்கின்றன. இந்த இடத்தை இசைக்குழுவுக்கு மாற்ற வேண்டியவர் முதலில் சந்திக்கும் கேள்வி: செல்லோக்களும் பாஸ்களும் மெய்யாகவே அந்த அதிர்வை எடுத்துக்கொண்டுவிட்டால், பியானோ கலைஞரின் கைகளுக்கு இனி என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள்தாம் உண்டு. பியானோவைச் சும்மா இருக்கச் சொல்லலாம். முன்பு வாசித்ததையே இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லலாம். புதிதாக ஏதாவது எழுதிக் கொடுக்கலாம். முதல் வழியில் கேட்பவர் காசு கொடுத்துப் பார்க்க வந்த கலைஞர் வேடிக்கை பார்ப்பவராகிறார். இரண்டாம் வழியில், பித்தளை வாத்தியங்களும் டிம்பனியும் முழங்கும்போது பியானோவின் உழைப்பு யார் காதிலும் விழாது. மூன்றாவது வழியில் மட்டுமே கன்செர்ட்டோ பிறக்கிறது. ஆனால் அப்போது அது முழுக்க மூல ஆசிரியருடையது என்று சொல்ல முடியாது. லிஸ்ட் மூன்றாவது வழியைத் தயங்காமல் எடுத்தார். சில இடங்களில் மெட்டை இசைக்குழுவிடம் விட்டுவிட்டு, பியானோவுக்குத் தம் பாணியில் புதிய ஓட்டங்களை அமைத்தார். பேச்சும் மறுபேச்சுமாக வாக்கியங்களைப் பிரித்தார். ஷூபர்ட்டை முழுமையாக்குவதாக அவர் பாவனை செய்யவில்லை. ஷூபர்ட்டோடு உரையாடினார். அந்த உரையாடலில் அவருக்கும் ஆதாயம் இருந்தது. 1848-இல் வைமர் அரசவையின் இசைப் பொறுப்பை ஏற்றபின் அவர் இசைக்குழுவுக்கு எழுதும் கலையைக் கற்றுக்கொண்டிருந்தார். இசையமைப்பாளர்களான கொன்ராடியும் ராஃபும் அதில் அவருக்குத் துணைநின்றார்கள். ஒரே தாளக் கருவை வைத்து நான்கு பகுதிகளையும் இடைவெளியின்றிக் கட்டும் ஷூபர்ட்டின் முறை, 1853-இல் முடிந்த லிஸ்ட்டின் பி மைனர் சோனாட்டாவிலும், 1855-இல் பெர்லியோஸ் நடத்த அவரே வாசித்து அரங்கேற்றிய ஈ ஃபிளாட் கன்செர்ட்டோவிலும் தெளிவாகத் தெரிகிறது. வெபரின் ‘பொலாக்கா பிரில்லான்ட்’ என்ற தனிப் பியானோ படைப்பையும் அதே காலத்தில் அவர் இசைக்குழுவோடு சேர்த்தார். இந்த வேலைகள் அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன.

விளைவு என்ன? ‘வாண்டரர் ஃபேன்டசி’யை லிஸ்ட்டின் வடிவம் கச்சேரி மேடைக்குள் கொண்டுவந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே லிஸ்ட், பிற்பாடு மூலத் தனிப் பிரதியையே பதிப்பித்து, கடினமான இடங்களுக்கு மாற்று வாசிப்புகளையும் சேர்த்துக் கொடுத்தார். 1885-86-இல் ஆன்டன் ரூபின்ஸ்டைன் ஐரோப்பிய நகரங்களில் பியானோ இசையின் வரலாற்றையே ஏழு கச்சேரிகளில் வாசித்துக் காட்டியபோது, ஷூபர்ட்டுக்குரிய இடத்தில் இந்த ஃபேன்டசியைத் தனியாகவே வாசித்தார். தனிக் கச்சேரி என்ற அமைப்பு வேரூன்றியதும் இசைக்குழு வடிவம் பின்வாங்கியது. இருபதாம் நூற்றாண்டில் ரிக்டரும் பொலினியும் வாசித்துப் புகழ்பெற்றது தனி வடிவம்தான். லிஸ்ட்டின் வடிவம் இன்றும் அவ்வப்போது மேடையேறுகிறது, ஒலிப்பதிவாகிறது. ஆனால் அதைக் கேட்கப் போகிறவர் பெரும்பாலும் தனி வடிவத்தை முன்பே அறிந்தவர். இந்த வழக்கத்தின் ஆகச் சிறந்த உதாரணத்தில் நடந்தது இதுதான்: இசைக்குழு வழிகாட்டி அழைத்து வந்தது, மூலம் நிலைத்தபின் விலகி நின்றது. தன் தேவை தீர்ந்துபோவதே இப்படிப்பட்ட வடிவத்தின் வெற்றி.

தோல்வியின் உதாரணம் ஷார்ல்-வாலந்தன் ஆல்கன். 1813-இல் பாரிஸில் பிறந்து 1888-இல் அங்கேயே இறந்தவர். ஷோப்பானின் நண்பர், ஒரு காலத்தில் அவருடைய அண்டை வீட்டுக்காரர். 1848-இல் பாரிஸ் இசைக்கல்லூரியின் பியானோ பேராசிரியர் பதவி தமக்கு வரும் என்று எதிர்பார்த்து, அது மார்மோன்டெலுக்குப் போனதும் சில காலத்திலேயே மேடையை விட்டு ஒதுங்கினார். ஒதுங்கியிருந்த காலத்தில், 1857-இல் வெளிவந்த தொகுதிதான் எல்லா மைனர் சுருதிகளிலும் அமைந்த பன்னிரண்டு பயிற்சிகள், ஓப்பஸ் 39. ‘பயிற்சி’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதில் 4 முதல் 7 வரை சேர்ந்து தனிப் பியானோவுக்கான ஒரு சிம்பொனி. 8 முதல் 10 வரை சேர்ந்து தனிப் பியானோவுக்கான ஒரு கன்செர்ட்டோ. இந்தக் கன்செர்ட்டோ முழுவதையும் வாசிக்க ஏறக்குறைய ஐம்பது நிமிடம் ஆகும். ஜி ஷார்ப் மைனரில் உள்ள முதல் பகுதி மட்டுமே 1,300 பார்களைத் தாண்டுகிறது. அதன் முதல் பக்கத்தைத் திறந்தால், இல்லாத இசைக்குழு ‘டுட்டி’ என்ற குறியோடு முழங்குகிறது. எக்காளம் போல என்று கலைஞருக்குக் கட்டளை வருகிறது. நெடுநேரம் கழித்து ‘சோலோ’ என்ற குறி வருகிறது. அந்த இடத்தில் அதே பத்து விரல்கள், அதே கட்டைகள். ஆனால் ஒலி சட்டென ஒருவரின் குரலாக மாறியாக வேண்டும். வீட்டுப் பிரதிகளில் வசதிக்காக அச்சான இரண்டு சொற்களை ஆல்கன் நாடகமாக்கிவிட்டார்.

இந்தக் கன்செர்ட்டோ ஆல்கனின் காலத்திலேயே ஏறக்குறைய மறக்கப்பட்டது. அதை மீட்கப் புறப்பட்டவர் சாதாரண ஆள் அல்லர். கார்ல் கிளிண்ட்வொர்த் லிஸ்ட்டின் மாணவர். வாக்னரின் ‘ரிங்’ நாடகங்கள் நான்கையும் பியானோவுக்குச் சுருக்கிக் கொடுத்தவர். மாஸ்கோவில் பேராசிரியராக இருந்தவர். ஷோப்பானின் எஃப் மைனர் கன்செர்ட்டோவில் இசைக்குழு பலவீனமாக இருக்கிறது என்று கருதி, அதற்கே புதிதாக இசைக்குழு எழுதியவர். பியானோவும் இசைக்குழுவும் ஒன்றுக்கொன்று எப்படி மாறும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர்கள் ஐரோப்பாவில் வெகு சிலரே. அவர் ஆல்கன் கன்செர்ட்டோவின் முதல் பகுதியைச் சுதந்திரமாகத் திருத்திப் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக அமைத்தது 1902-இல் வெளிவந்தது. அதனால் ஆல்கனுக்கு வாழ்வு வரவில்லை. கன்செர்ட்டோவை வாசிப்பவர் கூடவில்லை. அந்த வடிவமே மூலத்தைவிட வேகமாக மறக்கப்பட்டது. திறமைக் குறைவைக் காரணம் சொல்ல முடியாத இடத்தில் காரணத்தை வேலையின் தன்மையிலேயே தேட வேண்டும். நம் கதாகாலட்சேபத்தில் ஒரே பாகவதர் ராமனாகவும் ராவணனாகவும் மண்டோதரியாகவும் பேசுவார். சபை கிறங்குவது அந்த மாற்றத்தில்தான். அவருக்கு உதவியாக மெய்யான ராவணன் ஒருவரை வேடம் கட்டி மேடையில் ஏற்றினால் கதை கேட்பது போய் நாடகம் பார்ப்பது வந்துவிடும், அதுவும் பாகவதர் நடுவில் இடைஞ்சலாக நிற்கும் நாடகம். ஆல்கனின் தனிக் கன்செர்ட்டோவில் கேட்பவரை இழுத்துப் பிடிப்பது, ஒரு மனிதர் கூட்டமாகவும் தனியாளாகவும் மாறி மாறி நிற்கும் அந்தப் போராட்டம். ‘டுட்டி’ என்ற இடத்தில் மெய்யான எக்காளம் ஒலித்துவிட்டால் போராட்டம் முடிந்துபோகிறது. மிஞ்சுவது சராசரியைவிட நீளமான ஒரு கன்செர்ட்டோ.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆல்கன் தனிப் பியானோவுக்கு எழுதியது விருப்பத்தால் அல்ல, மேடையை இழந்தவருக்கு இசைக்குழு கிடைக்காத நிர்ப்பந்தத்தால். ஆகவே இசைக்குழு சேர்ப்பது அவருடைய நிறைவேறாத ஆசையை நிறைவேற்றுவதே. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. ஆல்கனுக்கு இசைக்குழுவுக்கு எழுதத் தெரியாமலில்லை. இளம் வயதில் இரண்டு சிறு கன்செர்ட்டோக்களை இசைக்குழுவோடு எழுதினார், 1840-களில் ஒரு சிம்பொனியும் எழுதினார், அது தொலைந்துவிட்டது. அதைவிட முக்கியம், ஓப்பஸ் 39 வெளிவந்து சில ஆண்டுகளுக்குள் அவர் செய்த வேறொரு காரியம். மொசார்ட்டின் டி மைனர் கன்செர்ட்டோவையும், பெத்தோவனின் மூன்றாம் கன்செர்ட்டோவின் முதல் பகுதியையும் எடுத்து, இசைக்குழுவை நீக்கி, தனிப் பியானோவுக்கு மாற்றி வெளியிட்டார். இசைக்குழு கைக்கெட்டும் இடத்தில் இருந்த படைப்புகளிலிருந்தே அதை எடுத்துவிட்டு, ஒருவர் இருவராக வாசிக்கும் சவாலை மீண்டும் மீண்டும் தேடிப் போனவரைப் பற்றி, இசைக்குழு இல்லையே என்று ஏங்கினார் என்று சொல்வது பொருந்தவில்லை. நிர்ப்பந்தத்தில் தொடங்கியிருக்கலாம், முடிந்தது கலையில். ஷோப்பானின் ‘அலெக்ரோ தெ கன்செர்’ இன்னும் தெளிவான சோதனை. அது மூன்றாவது கன்செர்ட்டோவின் முதல் பகுதியாகத் தொடங்கப்பட்டு, இசைக்குழு இல்லாமலேயே 1841-இல் வெளியான படைப்பு. ஆசிரியரின் முதல் எண்ணமே இசைக்குழுதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அரிய நேர்வு. அதை ஜெர்மானியரான நிக்கோடே, தாமே ஒரு பகுதி எழுதிச் சேர்த்து, பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக அமைத்தார். அதுகூட நிலைக்கவில்லை. ஷோப்பான் தனிப் பியானோவுக்கு என்று முடிவு செய்தபின் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த முடிவுக்கேற்பத் தடிமனாக்கிவிட்டார். பிறகு வந்து பிரிக்க முயல்பவருக்குத் தையல் தெரியாத துணிதான் கிடைக்கிறது.

அடுத்த மறுப்பு முசோர்க்ஸ்கி. 1874-இல் அவர் தனிப் பியானோவுக்கு எழுதிய ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ அவர் இறந்து ஐந்தாண்டுக்குப் பின்தான் அச்சானது. நெடுங்காலம் பியானோ கலைஞர்கள் அதைச் சீண்டவில்லை. இசைக்குழுத் தலைவர் கூசெவிட்ஸ்கி கேட்டு ரவேல் இசைக்குழுவுக்கு எழுதி, 1922 அக்டோபரில் பாரிஸில் ஒலித்தபின் உலகமே அதை அறிந்தது. இங்கே இசைக்குழு விலகி நிற்கவில்லையே, இன்றும் முன்னால் நிற்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ரவேல் செய்தது வேறு வேலை. அவர் பியானோவை முற்றாக வெளியேற்றினார். ஒரு வண்ணத்துக்குப் பதில் இன்னொரு வண்ணம். கேட்பவர் முன்னால் ஒப்பிட்டுப் பார்க்கப் பியானோ உட்கார்ந்திருக்கவில்லை. பியானோவையும் வைத்துக்கொண்டு இசைக்குழுவையும் சேர்க்கும் வழியைச் ‘சித்திரங்க’ளிலும் ஒருவர் முயன்றிருக்கிறார்: ஆங்கிலேயரான லாரன்ஸ் லெனார்ட், 1977-இல். முசோர்க்ஸ்கியின் படைப்பு இரண்டு வழியிலும் உச்சத்தில் இருக்கும் காலத்திலும் அந்த மூன்றாவது வடிவம் ஓரத்திலேயே இருக்கிறது. தனிப் பியானோ வடிவத்துக்கோ, 1958-இல் சோபியாவில் ரிக்டர் வாசித்த பதிவுக்குப் பின் தனி மதிப்பு வந்துவிட்டது. ஒரே படைப்பில் மூன்று வடிவங்களையும் ஒப்பிடும் வாய்ப்பை இது தருகிறது. முழு இசைக்குழு பிழைத்தது, தனிப் பியானோ பிழைத்தது. இரண்டும் கலந்ததுதான் தடுமாறுகிறது.

மூன்றாவது மறுப்பு கொள்கை சார்ந்தது. அதைச் சொன்னவர் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான புசோனி. மனத்தில் தோன்றிய இசையை எழுத்தில் வடிப்பதே ஒரு வடிவமாற்றம்தான், ஆகவே மாற்றத்தைக் கண்டு முகம் சுளிப்பதில் பொருளில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். அவர் சொன்னதோடு நிற்கவில்லை. லிஸ்ட்டின் ‘ஸ்பானிய ராப்சடி’யை 1894-இல் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக அமைத்துத் தாமே வாசித்தார். புசோனியின் கொள்கையை மறுக்கத் தேவையே இல்லை. மூலம் புனிதமானது, தொடக் கூடாது என்பது இந்தக் கட்டுரையின் வாதம் அல்ல. யாரும் எதையும் மாற்றலாம். கேள்வி, மாற்றுவதால் நேர்வது என்ன என்பதே. ‘ஸ்பானிய ராப்சடி’யில் புசோனியின் கைவண்ணம் ஒளிர்கிறது; ஹோட்டா என்ற ஸ்பானிய நடனம் வரும் இடங்களில் குழல் வாத்தியங்களின் துள்ளலைப் பியானோவால் தரவே முடியாது. ஆயினும் இன்று உலகப் போட்டிகளிலும் கச்சேரிகளிலும் கேட்பது லிஸ்ட் எழுதிய தனி வடிவத்தைத்தான். புசோனியைப் போன்ற மாபெரும் கலைஞர் சேர்த்த இசைக்குழுவே அவர் மறைந்தபின் மேடையில் நிற்க ஆள் தேடுகிறது என்றால், மற்றவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் காரணம் கலையில் மட்டும் இல்லை, கச்சேரித் தொழிலின் கணக்கிலும் இருக்கிறது. இசைக்குழு சேர்ந்தால் பெரிய அரங்கு கிடைக்கும், சந்தாதாரர் கூட்டம் கேட்கும், அதனால் மறந்துபோன படைப்பு பரவும் என்று நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. ஒரு தனிப் படைப்பை மேடையேற்ற ஒரு பியானோவும் பிடிவாதமுள்ள ஒரு கலைஞரும் போதும். அதையே இசைக்குழுவோடு மேடையேற்ற, அந்தக் கலைஞர் மட்டும் சம்மதித்தால் போதாது. இசைக்குழுத் தலைவர் சம்மதிக்க வேண்டும், நிர்வாகம் சம்மதிக்க வேண்டும், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரதி வேண்டும், கூலி கொடுத்து ஒத்திகை நடத்த வேண்டும். ஒத்திகைக்குக் கிடைக்கும் சில மணி நேரத்தில் யாருக்கும் தெரியாத படைப்பை எடுப்பதா, சைக்கோவ்ஸ்கியின் கன்செர்ட்டோவை எடுப்பதா என்று வரும்போது நிர்வாகம் எதை எடுக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அறியப்படாத ஒன்றை இசைக்குழுவோடு சேர்ப்பது, அதன் தடையை ஒன்றிலிருந்து நான்காக்குவது. ஆல்கனின் பிற்காலக் கதை இதற்குச் சாட்சி. 1930-களின் இறுதியில் புசோனியின் மாணவரான எகோன் பெட்ரி, லண்டன் பிபிசி வானொலியில் ஆல்கனை வாசித்தார். 1960-களில் அமெரிக்காவில் ரேமண்ட் லெவன்தாலும் இங்கிலாந்தில் ரொனால்ட் ஸ்மித்தும் ஆல்கனுக்காகவே தம் வாழ்க்கையின் பெரும்பகுதியைச் செலவிட்டார்கள். ஸ்மித் அவரைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். தனிக் கன்செர்ட்டோவை ஜான் ஆக்டன் 1972-இல் வெளியான தட்டில் பதிந்தார். மார்க்-ஆந்த்ரே ஹாமலன் அதை இரண்டு முறை பதிந்தார். ஒவ்வொருவரும் தனியாள். ஒருவரும் எந்த நிர்வாகத்தின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. கிளிண்ட்வொர்த்தின் முழு இசைக்குழுவால் முடியாததை இந்த ஐந்தாறு பேரின் விரல்கள் செய்து முடித்தன.

அப்படியானால் இந்த வழக்கமே வீண் என்று தள்ளிவிடலாமா? கூடாது. லிஸ்ட்டின் ‘வாண்டர’ரைக் கேட்டபின் ஷூபர்ட்டின் மூலத்தைக் கேட்பவருக்கு ஒன்று தெளிவாகிறது: இசைக்குழுவிடம் போன ஒவ்வொரு வரியும், ஷூபர்ட் பத்து விரல்களுக்குள் எதையெல்லாம் திணித்திருந்தார் என்பதற்கு விளக்கவுரை. கடைசிப் பகுதியில் இடக்கை மட்டும் ஸ்தாயி இரட்டிப்பில் ஃபியூக்கின் மெட்டைத் தொடங்கும்போது, பின்னால் ஒரு பெரும் பேரிகைக் கூட்டம் காத்திருக்கிறது என்ற உணர்வை அந்த வடிவம் கற்றுக்கொடுக்கிறது. அதை அறிந்த கலைஞர் தனியாக வாசிக்கும்போதும் வேறு மாதிரி வாசிப்பார். ஒரு படைப்பின் மேல் எழுதப்படும் உரையாக, அதைப் படிப்பதற்கான வழியாக, இந்த வடிவங்களுக்கு மதிப்பு நிச்சயம் உண்டு. மூலத்துக்குப் பதிலாக, மூலத்தின் குறையைத் தீர்க்கும் மருந்தாக அவை முன்வைக்கப்படும்போதுதான் வரலாறு அவற்றைத் தள்ளிவிடுகிறது. லிஸ்ட்டுக்கும் கிளிண்ட்வொர்த்துக்கும் இடையே திறமையில் இருந்த தூரத்தைவிட, இந்த நோக்கத்தில் இருந்த தூரம் பெரிது.

ஆகவே, கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு தனிப் பியானோ படைப்புக்கு இசைக்குழு எழுத நினைப்பவர் தம்மை ஒன்று கேட்டுக்கொள்வது நல்லது: நாளை மூலம் புகழ்பெற்று, என் வடிவம் தேவையற்றுப் போனால் அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொள்வேனா? ஆம் என்றால் எழுதட்டும். அந்த வேலை உபகாரமாகவே முடியும். கேட்பவர்களிடம் வேண்டுவது இன்னும் எளியது. ‘வாண்டரர் ஃபேன்டசி’யையும் ஆல்கனின் கன்செர்ட்டோவையும் முதலில் தனிப் பியானோவில் கேளுங்கள், இசைக்குழு வடிவத்தை அதற்குப் பிறகு கேளுங்கள். வரிசை மாறினால் மூலம் மெலிந்த நகல்போலக் காதில் விழும், அந்த அநியாயத்துக்கு ஷூபர்ட்டும் ஆல்கனும் உரியவர்கள் அல்லர்.